பீட்டி ரோட்டில் இரண்டு கதவெண்கள்: தேர்வு மதிப்பெண்களும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளும்



அடுத்த முறை தேக்கா பக்கம் போகும்போது கொஞ்சம் கூடுதலாக நடந்து பாருங்கள். சிராங்கூன் ரோட்டில் கடைகளைத் தாண்டி, ஃபேரர் பார்க் பக்கம் போனால் பீட்டி ரோடு என்று ஒரு சின்னத் தெரு வரும். அந்தத் தெருவில் 1ஆம் எண்ணில் இருப்பது சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். 2ஆம் எண்ணில் இருப்பது உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம். இரண்டும் நமக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள்தான். நம்மில் பலர் முதல் கட்டடத்தில் துணைப்பாட வகுப்பு எடுத்திருப்போம். இரண்டாவது கட்டடத்தில் படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் நம்மிடையே நிறைய உண்டு.

ஆனால் இந்த இரண்டு கட்டடங்களும் ஏன் தோன்றின என்று யோசித்திருக்கிறோமா? ஒன்று, நம் பிள்ளைகள் தேசியத் தேர்வுகளில் போதிய மதிப்பெண் வாங்கவில்லை என்ற கவலையில் பிறந்தது. மற்றொன்று, தமிழிலேயே எல்லாப் பாடங்களையும் படித்துத் தேர்வெழுதிய ஒரு பள்ளி மூடப்பட்ட பிறகு, அதன் பெயரைத் தாங்கி வந்தது. ஆக, இரண்டுமே தேர்வின் கதைதான். தேர்வு முடிவு வரும் ஒவ்வொரு நவம்பரிலும் "நம்ம பிள்ளைங்க எப்படிச் செஞ்சாங்க?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வரலாம்.

நான்கு மொழிகளில் ஒரே தேர்வு

ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்க் கல்விக்கு அரசு தந்த ஆதரவு மிகக் குறைவு. கோயில்கள், சங்கங்கள், சமய அமைப்புகள், கொஞ்சம் வசதி உள்ள தனி மனிதர்கள் ஆகியோர்தான் பள்ளி நடத்தினார்கள். லிட்டில் இந்தியாவிலேயே நாரிஸ் ரோட்டில் இராமகிருஷ்ண மிஷன் ஆண்களுக்கு விவேகானந்தர் பள்ளியையும் பெண்களுக்குச் சாரதாமணி பள்ளியையும் நடத்தியது. கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1946இல் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள். சிறிய வியாபாரமும் கூலி வேலையும் செய்தவர்கள் சேர்த்த காசில் நின்ற பள்ளி அது.

இந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரத்தில் இருந்தன. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அடுத்த பள்ளிக்குச் சொல்ல வழி இல்லை. 1956இல் சீனக் கல்வி பற்றிய அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை வந்தது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சீனப் பள்ளிகளின் பிரச்சினையைத் தீர்க்க அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கையால் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சம உரிமை கிடைத்தது. தமிழ் முரசு ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி போன்றவர்கள் தமிழுக்காக விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

1960இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, நாம் வழக்கமாகச் சொல்லும் பிஎஸ்எல்இ, முதன்முறையாக நடந்தது. நான்கு மொழி ஓட்டத்து மாணவர்களும் எழுதிய தேசியத் தேர்வு அது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை கணக்கைத் தமிழிலேயே வாசித்துத் தமிழிலேயே விடை எழுதினான். இன்றைய மாணவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்கும். "சார், மேத்ஸ் தமிழ்லயா?" என்று வகுப்பில் கேட்பார்கள். ஆமாம், தமிழில்தான்.

அந்த 1960ஆம் ஆண்டிலேயே தொடக்கப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது. 1966இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அது நீண்டது. இந்த இரண்டு முடிவுகளும் தமிழை எதிரெதிர்த் திசைகளில் இழுத்தன.

தேர்வு மூடிய பள்ளிகள், தேர்வு காத்த மொழி

சம உரிமை கிடைத்த பிறகு தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடக்கூடாது. அவர்கள் போட்ட கணக்கு வேறு. தமிழில் பிஎஸ்எல்இ தேர்ச்சி பெற்ற பிள்ளை அடுத்து எங்கே போவான்? தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி, 1960இல் உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளிதான். பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையும் சில ஆண்டுகளில் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. துறைமுகத்திலும் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வேலைக்கு ஆங்கிலம் கேட்டார்கள். சான்றிதழ் சமமாக இருந்தாலும் அது திறக்கும் கதவுகள் சமமாக இல்லை.

இதை மாணவர்கள் ஒரு விஷயமாகக் குறித்துக்கொள்ளலாம். ஒரு தேர்வின் மதிப்பு வினாத்தாளில் இல்லை. தேர்ச்சி பெற்ற பிறகு அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் இருக்கிறது. தமிழ்வழித் தேர்வு ஓர் இடத்தோடு நின்றுவிட்டது. அதனால் பெற்றோர் விலகினார்கள். மாணவர் குறைந்தார்கள், மாணவர் குறைந்ததால் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக 1982இல் உமறுப்புலவர் பள்ளியும் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி என்றாகி, நான்கு மொழி ஓட்டம் என்ற அமைப்பே முடிவுக்கு வந்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் பாருங்கள். இரண்டாம் மொழி கட்டாயம் என்ற விதி வந்ததால், ஆங்கிலப் பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளையும் தமிழ் படித்தான். பிறகு அது தேர்வுப் பாடமும் ஆனது. 1970களில் பிஎஸ்எல்இயில் மொழிப் பாடங்களுக்கு இரட்டை எடை கொடுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் சேரவும் தாய்மொழியில் ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்றானது. தமிழில் மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த படி இல்லை என்ற நிலை வந்தது. தமிழாசிரியருக்குப் பள்ளியில் இடம், தமிழ் நூலுக்குப் பாடத்திட்டத்தில் இடம், தமிழுக்குக் கால அட்டவணையில் இடம், எல்லாம் இதன் வழியாகவே நிலைத்தன. உலகில் தமிழர்கள் புலம்பெயர்ந்த பல நாடுகளில் தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்பாகச் சுருங்கியது. இங்கே அது அரசுப் பள்ளியின் வாரநாள் பாடமாக இருக்கிறது.

ஆக, தேர்வு நம் பள்ளிகளை மூடியது. அதே தேர்வு நம் மொழியைப் பள்ளிக்குள் வைத்திருந்தது. இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுபவர் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறார்.

உமறுப்புலவர் பள்ளி மூடிய மறு ஆண்டு, 1983இல், அந்தப் பெயரில் தமிழ்மொழி நிலையம் தொடங்கியது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்கள், பள்ளி முடிந்த பிறகு பஸ் ஏறி அங்கே வந்து படித்தார்கள். பிற்பகல் வெயிலில், வெவ்வேறு பள்ளிகளின் வெவ்வேறு நிறச் சீருடையில், ஒரே வகுப்பில் தமிழ் படித்த தலைமுறை அது. பீட்டி ரோடு 2ஆம் எண்ணின் கதை இதுதான்.

1979: மாணவர்களைப் பிரித்த அறிக்கை

இப்போது 1ஆம் எண்ணின் கதைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

1970களின் இறுதியில் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ, கல்வி அமைச்சை ஆராய ஒரு குழுவை அமைத்தார். குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள் இல்லை. அமைப்பு முறைகளை ஆராயும் பொறியாளர்கள். 1979இல் வெளியான அவர்களுடைய அறிக்கை இரண்டு உண்மைகளைப் போட்டு உடைத்தது. பிஎஸ்எல்இயும் சாதாரண நிலைத் தேர்வும் எழுதியவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இரு மொழிகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ தோல்வி அடைந்திருந்தார்கள். அதோடு, பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பள்ளியில் படிக்கும் மொழிகளை வீட்டில் பேசுவதில்லை. சீனப் பிள்ளைகள் வீட்டில் ஹாக்கியனும் டியோச்சுவும் கான்டனீசும் பேசிவிட்டுப் பள்ளியில் மாண்டரினும் ஆங்கிலமும் படித்தார்கள் என்பதே அந்த எண்ணின் பெரும் பகுதி.

அறிக்கையின் தீர்வு, மாணவர்களை வேகத்துக்கு ஏற்பப் பிரிப்பது. தொடக்கநிலை 3 முடிந்ததும் பிரித்தார்கள். சிலர் ஆறு ஆண்டில் பிஎஸ்எல்இ எழுதினார்கள். சிலர் எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் ஒருமொழிப் பிரிவுக்குப் போனார்கள். அவர்கள் பிஎஸ்எல்இ எழுதாமல் வேறு ஒரு தேர்வு எழுதித் தொழிற்பயிற்சிக்குச் சென்றார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்ட ஒரு முடிவு அது. பள்ளியை இடையில் விட்டுப் போவோர் எண்ணிக்கை அதன்பின் வெகுவாகக் குறைந்தது என்பது உண்மை. "நான் மக்குப் பிரிவு" என்று பிள்ளைகள் தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அந்தக் காலத்துப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டையும் சொல்வார்கள்.

பின்னர் 1992இல் பிரிக்கும் வகுப்பு தொடக்கநிலை 4க்குத் தள்ளிப்போனது. இஎம்1, இஎம்2, இஎம்3 என்ற பெயர்கள் வந்தன. 2008இல் அவையும் நீங்கின. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக நிலை பார்க்கும் முறை தொடங்கியது.

1991: நாற்சந்தியில் நின்ற சமூகம்

மாணவர்களைத் தரம் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும், இனம் பிரித்தும் பார்க்கத் தொடங்கினார்கள். 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மலாய்ச் சமூகத்தின் கல்வி நிலை பின்தங்கி இருப்பதைக் காட்டியது. அதிலிருந்து மெண்டாக்கி பிறந்தது. அடுத்து இந்திய மாணவர்களின் முறை வந்தது. 1980களின் இறுதியில் தேர்வு முடிவுகளைப் பார்த்தபோது, குறிப்பாகக் கணிதத்தில், இந்திய மாணவர்கள் சறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பலருக்கு அது அதிர்ச்சி. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அமைச்சரவையிலும் இந்தியர்கள் இருக்கிறார்களே, நமக்கென்ன குறை என்று நினைத்திருந்த சமூகம் நாம். மேலே சிலர் மிக உயரத்தில் நின்றதால், கீழே பலர் நின்ற இடம் கண்ணில் படவில்லை.

இந்தியர் கல்வி பற்றி ஆராய ஒரு நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1991இல் வந்தது. 'அட் தி கிராஸ்ரோட்ஸ்' என்பது தலைப்பு. நம் பேச்சில் சொன்னால், நாற்சந்தியில் நிற்கிறோம் என்று பொருள். அதே ஆண்டு சிண்டா தொடங்கியது. வேலை பார்க்கும் இந்தியர் ஒவ்வொருவரின் மாதச் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. உங்கள் அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும். அடுத்த ஆண்டு 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகள் தொடங்கின. வெளியே டியூஷனுக்குக் கொடுக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் கணிதமும் ஆங்கிலமும் அறிவியலும் படிக்க வழி பிறந்தது.

கணிதத்தில் மட்டும் ஏன் சறுக்கினோம்? ஒரே விடை கிடையாது. ஆனால் வகுப்பறையில் நாம் பார்ப்பதை வைத்துச் சிலவற்றைச் சொல்லலாம். பிஎஸ்எல்இ கணிதம் வெறும் கூட்டல் கழித்தல் இல்லை. நீளமான வாக்கியக் கணக்குகள் நிறைய. 'மீதி இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு' என்பதற்கும் 'மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் சட்டென்று பிடிக்காத பிள்ளை, கணக்குத் தெரிந்தும் தோற்பான். இன்னொன்று, கணிதம் படிக்கட்டு மாதிரி. தொடக்கநிலை 3இல் பின்னம் புரியாமல் போனால் 5இல் விகிதம் புரியாது. இடையில் ஒரு படி உடைந்ததை வீட்டில் யாராவது கவனித்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைதான் சறுக்குகிறான். அதற்கும் இனத்துக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் இருக்கும் நேரத்துக்கும் கையிருப்புக்கும்தான் சம்பந்தம்.

கல்வி அமைச்சு வெளியிடும் இனவாரி முடிவுகளில் கணிதத்தைப் பொறுத்தவரை இந்திய மாணவர்களின் தேர்ச்சி விகிதம் நீண்ட காலமாகவே தேசிய சராசரிக்குக் கீழேதான் இருந்துவந்திருக்கிறது. 1ஆம் எண்ணில் இன்றும் விளக்கு எரிவதற்குக் காரணம் அது.

சராசரி எதை மறைக்கிறது?

இந்த இடத்தில் தேர்வு மாணவர்கள் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'இந்திய மாணவர்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

தமிழர், மலையாளி, பஞ்சாபியர், சிந்தி, குஜராத்தி, வங்காளி எல்லாரும் ஒரே கட்டத்தில்தான் வருகிறார்கள். 1990 வாக்கில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகிய ஐந்து மொழிகளையும் தாய்மொழிப் பாடமாக எடுக்க அனுமதி கிடைத்தது. அதுவரை தமிழ் பேசாத இந்தியப் பிள்ளைகள் தமிழையோ மலாயையோ எடுத்துத் திணறினார்கள். அது அவர்களுடைய மொத்த முடிவையும் பாதித்தது. பிறகு, 1990களிலிருந்து இந்தியாவிலிருந்து கணினி, வங்கி, பொறியியல் துறைகளுக்கு ஏராளமான பட்டதாரிகள் குடும்பத்தோடு வந்தார்கள். 1980இல் இங்கிருந்த இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தமிழர். 2010இல் அது பாதியைச் சற்றுத் தாண்டிய அளவே.

இதனால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கட்டத்தில் 100 மாணவர்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 60 பேர். விகிதம் 60 விழுக்காடு. சில ஆண்டு கழித்து, பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களில் 18 பேர் தேர்ச்சி. இப்போது 120 பேரில் 78 பேர் தேர்ச்சி; விகிதம் 65 விழுக்காடு. "நம்ம பிள்ளைங்க முன்னேறிட்டாங்க" என்று கைதட்டுவோம். ஆனால் பழைய 100 பேரில் தேறியவர்கள் அன்றும் 60, இன்றும் 60. தோற்ற 40 பேர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

எண்களை வெளியிடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த எண்கள் வெளிவராமல் இருந்திருந்தால் சிண்டாவே வந்திருக்காது. சராசரியைப் படித்தால் மட்டும் போதாது. அதற்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள், கீழே நிற்பவர் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். இனவாரி எண் ஒரு சமூகத்தை எழுப்பவும் செய்யும், ஒரு பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்தவும் செய்யும். அதை எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

தமிழில் தேர்ச்சி, வீட்டில் மௌனம்

கணிதத்தில் கவலை. தமிழில்? அங்கே நிலைமை நேர் எதிர். தாய்மொழிப் பாடத்தில் இந்திய மாணவர்களின் தேர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியே இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது வேறொரு எண்ணைப் பாருங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2000இல் 42.9 விழுக்காடு, 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 27.2 விழுக்காடு. ஆங்கிலம் அதிகமாகப் பேசுவோர் 2020இல் 59.2 விழுக்காடு. தமிழர் அல்லாத இந்தியர்கள் கூடியதும் இதில் ஒரு பகுதிக் காரணம். மேலே சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். ஆனால் அதை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. நம் வீடுகளையே பார்த்தால் போதும்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கட்டுரையில் மரபுத்தொடர் போட்டு அழகாக எழுதுவாள். தமிழில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள். ஒரு நாள் பள்ளி வாசலில் அவளை அழைத்துப்போகப் பாட்டி வந்திருந்தார். பாட்டி தமிழில் கேட்டார், இவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மறுநாள் "ஏம்மா, பாட்டிகிட்ட தமிழ்ல பேசலாமே?" என்று கேட்டேன். "டீச்சர், எனக்குத் தேர்வுத் தமிழ்தான் தெரியும். பாட்டி பேசுற தமிழ் வேற" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. 'நான் நேற்றுக் கடைக்குச் சென்றிருந்தேன்' என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, 'நேத்து கடைக்குப் போயிருந்தேன் பாட்டி' என்று வாயில் வரவில்லை. நாம்தான் பல ஆண்டுகள் அதை 'கொச்சை' என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்தோம்.

இதை உணர்ந்துதான் 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, தரமான பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அன்று நம் ஆசிரியர்களிடையே அது பெரிய விவாதமானது. "எழுத்துத் தமிழ் கெட்டுப்போகும்" என்று ஒரு பக்கம். "பேசாத மொழி எப்படி வாழும்?" என்று மறு பக்கம். பிறகு 2010இல் தாய்மொழிகள் மறுஆய்வு நடந்தது. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதி வந்தது. இன்று பிஎஸ்எல்இ தமிழில் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் இருக்கிறது. மொழியைப் பள்ளிக்குள் காத்த தேர்வு, இப்போது அதை வாய்க்கும் கொண்டுவரப் பார்க்கிறது. எவ்வளவு தூரம் முடியும் என்பது தேர்வு அறைக்கு வெளியே இருப்பவர்களைப் பொறுத்தது.

டி-ஸ்கோர் போய் அடைவுநிலை வந்தது

கடைசியாக, மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு மாற்றம். 2021க்கு முன் பிஎஸ்எல்இ முடிவு டி-ஸ்கோரில் வந்தது. உங்கள் மதிப்பெண்ணை மற்றவர்களின் சராசரியோடும் பரவலோடும் ஒப்பிடுவார்கள். நீங்கள் 80 வாங்கி, சராசரி 68, திட்டவிலக்கம் 12 என்றால் உங்கள் டி-ஸ்கோர் 60. அதே 80 வாங்கி, சராசரி 74 ஆக இருந்தால் 55தான். நீங்கள் ஒன்றும் குறைவாகச் செய்யவில்லை. பக்கத்தில் இருப்பவர் நன்றாகச் செய்துவிட்டார், அவ்வளவுதான். ஒரே ஒரு புள்ளியில் பள்ளி கைநழுவிய காலம் அது. 2012இல் அமைச்சு முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிப்பதை நிறுத்தியது.

2021 முதல் அடைவுநிலை 1 முதல் 8 வரை. 90ம் அதற்கு மேலும் அடைவுநிலை 1; 85 முதல் 89 வரை 2; 80 முதல் 84 வரை 3; 75 முதல் 79 வரை 4; 65 முதல் 74 வரை 5; 45 முதல் 64 வரை 6; 20 முதல் 44 வரை 7; அதற்குக் கீழே 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். குறைவாக இருந்தால் நல்லது. இங்கே பக்கத்து மாணவன் எவ்வளவு எடுத்தான் என்பது உங்கள் அடைவுநிலையை மாற்றாது.

ஒரு மாணவன் ஆங்கிலத்தில் 66, கணிதத்தில் 64, அறிவியலில் 70, தமிழில் 87 எடுத்தால், 5 + 6 + 5 + 2 = 18. அவனுக்குத் தமிழ் கைகொடுக்கிறது. ஆனால் கணிதத்தில் ஒரே ஒரு மதிப்பெண் கூடினால் 17 ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள். 45இலிருந்து 64 வரை இருபது மதிப்பெண்ணுக்கு ஒரே நிலை. அந்த நீண்ட படியில் நிற்கும் மாணவன் 'நான் அடைவுநிலை 6தான்' என்று சோர்ந்துவிடுகிறான். 46இலிருந்து 62க்கு ஏறிய உழைப்பு தாளில் தெரியாது. ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். "ஏறியிருக்கே, இன்னும் மூணு மார்க்தான்" என்று அவனிடம் சொல்ல வேண்டிய ஆள் நாம்தான்.

2024இல் உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் நீங்கின. 1979இல் போட்ட கோட்டை நாடு மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் அந்தந்த மாணவருக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளை தமிழில் மேல்நிலையில் படிக்க இனித் தடை இல்லை.

மீண்டும் பீட்டி ரோடு

ஒரு தெருவில் இரண்டு கட்டடங்கள். ஒன்று நாம் கணிதத்தில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணின் நினைவு. மற்றொன்று நாம் இழந்த தமிழ்ப்பள்ளியின் நினைவு. ஆனால் இரண்டிலும் இன்று மாலையும் யாரோ ஒரு பிள்ளை பையோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். தேர்வு எழுதும் தம்பி தங்கைகளே, உங்கள் முடிவுத்தாளில் வரப்போகும் எண் அடுத்த பள்ளியைத் தீர்மானிக்கும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். உழைத்துப் படியுங்கள். ஆனால் தமிழில் அடைவுநிலை 1 வாங்கிய அன்று, அந்தச் செய்தியைப் பாட்டியிடம் எந்த மொழியில் சொல்லப் போகிறீர்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. 1960களில் தமிழ்ப்பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்கள்? காரணத்தோடு பேசுக.

2. தேர்வு முடிவுகளை இனவாரியாக வெளியிடுவதால் ஏற்படும் நன்மை ஒன்று, தீமை ஒன்று கூறுக. கட்டுரையில் வரும் 100 மாணவர் கணக்கை உதாரணமாகப் பயன்படுத்துக.

3. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது வயதான உறவினர் ஒருவரிடம், அவர்கள் எந்த மொழியில் கணக்குப் படித்தார்கள், என்ன தேர்வு எழுதினார்கள் என்று கேட்டு வாருங்கள். அவர்கள் பேசிய தமிழிலேயே வகுப்பில் சொல்லுங்கள்.